எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை

உலகம்மை கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்த மூன்றாம் நாளே, தன் புருஷன் படத்தில் வந்தவன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னவள் பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி. குழாயடியில் குடம் நிறையக் காத்து நின்றபோது, "ஒனக்குத் தெரியுமா புள்ள? ஒம் மாப்பிள்ள சினிமாவுல வந்த ஆளாக்கும்" என்றாள்.

உலகம்மை நம்பவில்லை. பணகுடியில் அவள் அப்பா பெண் கொடுத்தபோது, பையன் தம்பானூரில் ஓட்டல் வேலை பார்க்கிறான், அப்பன் அம்மை இல்லை, பிடுங்கல் இல்லாத இடம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த திரவியத்திடம் அவளே கேட்டாள்.

"நீங்க சினிமாவுல நடிச்சீங்களாமே?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சட்டையில் விறகுப் புகை வாடை அடித்தது. "நடிக்கல்லாம் இல்ல. எடுத்தாங்க" என்றான்.

அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் அவள் விஷயத்தை ஒன்றுசேர்த்தாள். அறுபத்திரண்டில், திரவியம் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தங்கப்பன் என்று ஓர் இளைஞர் கேமராவோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இந்த ஊர்க்காரர்தான், பம்பாயில் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். ஏதோ வெளிநாட்டு டெலிவிஷன் கம்பெனி அவருக்குப் பின்னால் இருந்தது. இந்த நகரத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் படமெடுப்பது, பிறகு எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அதே பிள்ளைகளை மறுபடியும் எடுப்பது, அவர்கள் ஆளாகிக் குடும்பஸ்தராவது வரைக்கும் பின்தொடர்வது என்பது ஏற்பாடு. கதை கிடையாது, வேஷம் கிடையாது. இருக்கிறபடியே இருக்கவேண்டும். சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் மூட்டை சுமந்த பிச்சைக்கனியின் மகன் திரவியம் ஒருவன். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்திலிருந்து சேஷன் ஒருவன். விழிஞ்ஞத்து மீன்காரர் வீட்டுப் பையன் ஒருவன். வக்கீல் வீட்டுப் பெண் ஒருத்தி.

எழுபதில் இரண்டாம் தடவை வந்தார்கள். அப்போது பிச்சைக்கனி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திரவியம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பன் நின்ற இடத்தில் நின்று மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மீசை அரும்பாத பையன் அரிசி மூட்டையோடு லாரியிலிருந்து இறங்குவதை எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி மறுபடி ஏறி மறுபடி இறங்கச் சொன்னார்கள். அன்றைக்கு அவன் எத்தனை தடவை ஏறி இறங்கினான் என்பதைக் கம்போளத்துக்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். படம் தயாரானதும் ஊரில் ஒரு ஹாலில் போட்டார்கள். சேஷன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பேசிப் பரிசு வாங்குகிறான். கைதட்டல் அடங்குவதற்குள் திரவியம் மூட்டையோடு இறங்குகிறான். இவனைப் பார்த்த அதே கணத்தில் அவனைப் பார்க்கவேண்டும். அப்படி வெட்டி ஒட்டியிருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் பாதிப் படத்தில் எழுந்து வெளியே போய்விட்டான்.

கழுத்து எலும்பு பிசகியதால் சுமை வேலையை விட்டு ஓட்டல் அடுப்படிக்குப் போனது அதற்கப்புறம். கோமதிநாயகம் பிள்ளையின் ஓட்டல் அது. விறகடுப்புக்கு விறகு தள்ளுவதும் பாய்லரைப் பார்த்துக்கொள்வதும் வேலை. உலகம்மை வாழ வந்த வீட்டில் அவன் பேசுகிற பேச்சு மிகக் குறைவு. கெட்டவன் இல்லை. அவள் தலையில் பூ இல்லையென்றால் மறுநாள் வாங்கி வருவான். ஆனால் சிரிக்கமாட்டான். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால், அது அடுத்த வீட்டில் நடக்கிற காரியம் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான்.

அவள் வந்த மறு வருஷம், எழுபத்தெட்டில், தங்கப்பன் மூன்றாம் தடவை வந்தார். நெற்றி ஏறிய, தடித்த கண்ணாடி போட்ட மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். திரவியம் எழுந்து நின்றான்.

"ஓர்மையுண்டோ திரவியம்?"

"மறக்க முடியுமா சாரே?"

"எட்டு வருஷம் ஆச்சு. இனி நாம தொடங்கலாம்."

"நான் இல்ல சாரே. என்னை விட்டுருங்க."

தங்கப்பன் வற்புறுத்தவில்லை. உலகம்மை கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, போகும்போது அவளிடம் சொன்னார்: "ஏழு வயசில இவன் எப்படி இருந்தான்னு பார்த்திருக்கியோ? ஞாயிற்றுக்கிழமை வழுதக்காட்டில என் வீட்டுக்கு வா. போட்டுக் காட்டறேன். ரெண்டு பேரும் வாங்க."

திரவியம் போகவில்லை. உலகம்மை சுடலைமாடத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த ஒரு அறையில் இயந்திரம் கரகரவென்று ஓடியது. வெள்ளைச் சுவரில் ஒரு பள்ளிக்கூடத் திண்டு தெரிந்தது. அதன்மேல் முன்பல் இரண்டும் இல்லாத பையன் ஒருவன். பொத்தான் இல்லாத சட்டை. உட்காரச் சொல்லியும் அவனால் உட்கார முடியவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து தங்கப்பனின் குரல் மலையாளத்தில் கேட்கிறது, பெரியவனானால் என்ன ஆவாய் என்று. பையன் அரை மலையாளமும் அரைத் தமிழுமாகச் சொல்கிறான்: "போலீஸ் ஆவேன். ஆயிட்டு மொதல்ல சாரைப் பிடிச்சு உள்ள போடுவேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். சிரிப்பு நிற்கவேயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிகிறான், பக்கத்துப் பையன்மேல் விழுகிறான், எழுந்து மறுபடியும் சிரிக்கிறான். கேமரா ஆடுகிறது, எடுத்தவரும் சிரித்திருக்கவேண்டும்.

உலகம்மை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இவ்வளவு சிரிப்பும் இந்த உடம்புக்குள்தானே இருந்தது, எங்கே போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்துப் பதினைந்து வயதுக்காரன் மூட்டையோடு வந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். "நல்லாத்தான் இருந்தீங்க. என்ன சிரிப்பு! நமக்குப் பிள்ளை பொறந்தா காட்டலாம்லா. இந்தத் தடவையும் எடுக்கட்டுமே."

"ஒனக்கு என்ன தெரியும்" என்றான் அவன். ஆனால் குரலில் கோபமில்லை. இரண்டு நாள் கழித்து அவனே தங்கப்பனைப் போய்ப் பார்த்தான். எடுக்கலாம், ஒரே ஒரு நிபந்தனை என்றான்.

"என்னையும் சேஷனையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. அவன் அவன் வாழ்க்கை, நான் என் வாழ்க்கை. ரெண்டையும் ஒட்டாதீங்க சாரே."

"இல்ல. வைக்க மாட்டேன். என் வாக்கு."

ஓட்டல் அடுப்படியில்தான் எடுத்தார்கள். கோமதிநாயகம் பிள்ளைக்கு ஒரே பரபரப்பு. முந்தின நாளே சுவருக்கு வெள்ளையடித்து, பழைய அண்டாவை ஒளித்து, ஓட்டல் போர்டு தெரிகிற மாதிரி எடுக்கமுடியுமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். உலகம்மை அப்போது முழுகாமல் இருந்தாள். பின்கட்டில் அரிசி புடைக்கிற பெண்களோடு நின்று பார்த்தாள். அடுப்பு வெளிச்சம் முகத்தில் அடிக்கத் திரவியம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ சந்தோஷமா இருக்கியா திரவியம்?" என்று தங்கப்பன் கேட்டார்.

அவன் பதில் சொல்வதற்கு முன் இருமல் வந்தது. நின்றதும் மறுபடி கேட்டார். மறுபடி இருமல். இரண்டு மாதமாக இருக்கிற இருமல்தான். புகையில் கிடக்கிறவனுக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று உலகம்மையும் நினைத்திருந்தாள். சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

காதில் கருவி மாட்டி ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவன் அதைக் கழற்றினான். "சாரே, இவரோட நெஞ்சு சரியில்லை. இதில கேக்கும்போது உள்ள துணி கிழியற மாதிரி இருக்கு."

"ஷூட்டிங் கழியட்டும். டாக்டர் கிட்ட கொண்டு போகலாம்" என்றார் தங்கப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருமட்டும். நிறுத்தண்டாம். ஓடட்டும்" என்றார்.

இருமி முடித்துத் திரவியம் நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர். "சந்தோஷமான்னு ஏழு வயசுல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சாரே. அப்பம் வேற கேட்டீங்க" என்றான். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேமரா நெடுநேரம் ஓடியது.

மறுநாள் அவர்கள் விழிஞ்ஞத்துக்கு அடுத்த பையனை எடுக்கப் போய்விட்டார்கள். டாக்டர் பேச்சு அதோடு போயிற்று.

படம் அடுத்த வருஷம் வந்தது. அதற்குள் உலகம்மைக்குப் பெண் பிறந்து, வடிவம்மாள் என்று திரவியத்தின் அம்மை பேரையே வைத்திருந்தார்கள். ஹாலுக்கு இரண்டு பாஸ் வந்தது. இந்தத் தடவை திரவியம் போனான். இஸ்திரி போட்ட சட்டை, புது வேட்டி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹால் நிறையக் கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள், கண்ணாடி போட்ட பெண்கள்.

சேஷன் வந்தான். டில்லியில் என்ஜினீயர் வேலை கிடைத்திருக்கிறது. அவன் அம்மா நெற்றியில் விபூதி இடுகிறாள், தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிறது. ரயில் எஞ்சினின் நெருப்பைக் காட்டினார்கள். அந்த நெருப்பு அப்படியே ஓட்டல் அடுப்பாக மாறியது. அடுப்புக்கு முன்னால் திரவியம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

ஹாலில் இருமல் மட்டும் நாலு சுவரிலும் மோதியது. வீட்டில் கேட்கிற இருமலைவிட அது பெரிதாக இருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. உலகம்மை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

விளக்கு போட்டதும் தங்கப்பன் மேடையேறிப் பேசினார். யாரோ ஒரு பெண், அந்த அடுப்படித் தொழிலாளி இப்போது எங்கே என்று கேட்டாள். "இதோ இங்கே இருக்கிறான். எழுந்திரு திரவியம்" என்றார் தங்கப்பன். அவன் எழுந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டான், பிறகு தொங்கவிட்டான், பிறகு கும்பிட்டான். கைதட்டல் இன்னும் கூடியது.

வெளியே வந்ததும் தங்கப்பனை மறித்தான். "வாக்கு தந்தீங்களே சாரே."

"திரவியம், அது எடிட்டிங்கில அப்படி வந்துபோச்சு. வெளிநாட்டுக்காரங்க கேட்டாங்க. படம் முழுசும் நிக்கறதே அந்த எடத்திலதான். உன்னைப் பத்தி நாளைக்கு உலகம் பூரா பேசும், நீ பாரு."

"எதுக்குப் பேசணும்?" என்றான் திரவியம். தங்கப்பனை அதற்குள் வேறு யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் சேஷன் வந்தான். லீவில் வந்திருந்தவன், கம்போளத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளில் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருந்தான். ஏழு வயதில் எடுத்த நாள் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்ததைத் தவிர, அவர்கள் அதுவரை பேசியதேயில்லை.

"உட்கார எடமில்ல" என்றான் திரவியம்.

"பரவாயில்ல, நிக்கறேன். இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அந்தப் படத்தில உன்னைக் காட்டினதும் என்னைக் காட்டினதும்... நான் எழுந்து போயிடலாம்னு பார்த்தேன். அம்மா பக்கத்தில இருந்தா. எனக்கும் அது பிடிக்கலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்." சற்று நின்று, "இன்னொண்ணு. அந்த இருமல். எங்க சித்தப்பா இப்படித்தான் இருமினார். நீ இன்னிக்கே என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றான்.

திரவியம் மறுக்க வாயெடுத்தான். உலகம்மை குழந்தையைச் சுடலைமாடத்தியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். மூன்று பேருமாக நெஞ்சுரோக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படம் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர், இரண்டு பக்கமும் க்ஷயம் பிடித்திருக்கிறது என்றார். இந்தப் படத்தில் அவன் முகம் இல்லை, எலும்பும் வெள்ளைத் திட்டுகளும்தான். முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார்.

சேஷன் லீவு முடிந்து டில்லிக்குப் போனான். இரண்டு தடவை கார்டு போட்டான். பிறகு கல்யாணம், வீடு மாற்றம் என்று அவன் திசையே வேறாகிப் போயிற்று. அவனைக் குறைசொல்ல உலகம்மைக்கு மனம் வரவில்லை. வந்தவன் அவன் ஒருவன்தான்.

ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருஷம் போனது. உடம்பு தேறினாற்போல் இருந்ததும் திரவியம் மாத்திரையை நிறுத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பினான். அவள் சண்டை போட்டாள், அழுதாள். "எனக்கு ஒண்ணும் இல்லட்டி" என்றான். படத்தைப் பார்த்த கல்லூரிப் பையன்கள் சிலர் ஓட்டலுக்கு வந்து, சாயா குடிக்கிற சாக்கில் அடுப்படியை எட்டிப் பார்ப்பதுண்டு. கோமதிநாயகம் பிள்ளை முதலில் பெருமைப்பட்டார். பிறகு, நெஞ்சுநோய்க்காரன் சமையல்கட்டில் நிற்கிறான் என்று பேச்சு கிளம்பவே, கையைப் பிசைந்துகொண்டு அவனை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்த நாட்களில் அவன் வடிவைப் பக்கத்தில் சேர்க்கமாட்டான். ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். வாசற்படியில் அவள் விளையாடுவதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். குழந்தைக்கு அப்பா என்றால் அறை மூலையில் பாயில் கிடக்கிற, கிட்டே வராதே என்று கையால் விரட்டுகிற ஆள். எண்பத்திமூன்றில், மழைக்காலத் தொடக்கத்தில், அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இருபத்தெட்டு வயது.

உலகம்மை பணகுடிக்குத் திரும்பவில்லை. அப்பா வந்து கூப்பிட்டார். அங்கே போனால் அண்ணன் பெண்டாட்டிக்குப் பாத்திரம் விளக்கவேண்டும், இங்கே ஊராருக்குச் செய்தால் கூலியாவது கிடைக்கும் என்று சொல்லிவிட்டாள். சாலைக் கம்போளத்தில் ஒரு வத்தல் மண்டியில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை கிடைத்தது. சாயங்காலம் வந்து எத்தனை சோப்பு போட்டாலும் கை எரிச்சல் அடங்காது. வடிவு அம்மா கையைப் பிடிக்காமல் முந்தானையைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தாள். வீட்டிலும் பாதி மலையாளம்தான் பேசினாள்.

எண்பத்தாறில் தங்கப்பன் நாலாம் தடவை வந்தார்.

தலை முழுதும் நரைத்திருந்தது. ஏணிப்படியில் விழுந்ததால் கம்பு ஊன்றி நடந்தார். திரவியம் இறந்தது அவருக்கு முன்பே தெரியும். கேள்விப்பட்டபோதே கடிதம் எழுத நினைத்ததாகவும் முடியவில்லை என்றும் சொன்னார். அவர் கண் வடிவின் மேலேயே இருந்தது. அவளுக்கும் அப்போது ஏழு வயது. முன்பல் விழுந்திருந்தது.

"அச்சனை இவளுக்கு ஓர்மையுண்டோ?" என்று கேட்டார்.

"படுத்துக் கெடந்தது மட்டும் தெரியும்" என்றாள் உலகம்மை.

"நான் இவளுக்கு அவனைக் காட்டறேன். ஏழு வயசுத் திரவியத்தை. இங்கேயே கொண்டு வந்து போடறேன். உனக்குச் சம்மதமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை, இந்த மனிதரிடம்தான் இருக்கிறது. கல்யாணப் போட்டோவில்கூட அவன் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறான். பிள்ளை ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று தோன்றியது.

"கொண்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயந்திரத்தோடு வந்தார்கள். தங்கப்பனும் இன்னும் இரண்டு பேரும். சுடலைமாடத்தி வீட்டிலிருந்து கரண்டு இழுத்தார்கள். ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, சுவரில் வேட்டி கட்டினார்கள். வடிவு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உலகம்மை அவளுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தாள்.

வேட்டியில் பள்ளிக்கூடத் திண்டு வந்தது. பையன் வந்தான். போலீஸ் ஆவேன் என்றான், சிரித்தான், சரிந்து விழுந்தான்.

வடிவும் சிரித்துவிட்டாள். தன் வயதுப் பையன் ஒருவன் சேட்டை செய்வதைப் பார்த்து வருகிற சிரிப்பு. "இவன் யாரும்மா?" என்று கேட்டாள்.

"ஒங்க அப்பா."

"போ. அப்பா கிழவன்லா."

"ஒங்க அப்பாதான் மக்கா. ஒன் வயசுல."

வடிவின் சிரிப்பு நின்றது. மறுபடி வேட்டியைப் பார்த்தாள். பையன் எழுந்து நேராக அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் ஒரு கையை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோய், விழுந்த பல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

அப்போதுதான் உலகம்மைக்குக் காதில் பட்டது. அறையில் ஓடுவது ஒரு இயந்திரமில்லை, இரண்டு. படம் போடுகிற இயந்திரத்தின் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. வேட்டிக்குப் பக்கத்தில் இருட்டில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். அவன் தோளிலிருந்த கேமரா வடிவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. படச் சுருளின் வெளிச்சம் குழந்தை முகத்தில் விழுவதற்கு ஏற்ற மாதிரிதான் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் எழுந்து நடுவில் வந்து நின்றாள். அவள் முதுகில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க."

"உலகம்மே, ஒரு நிமிஷம். பயப்படாதே, கொச்சுப் பிள்ளை அழட்டும். இது எடுக்காம இருக்க முடியாது" என்றார் தங்கப்பன். அவர் குரலே உடைந்திருந்தது.

"அவிய இருமினதையும் இப்படித்தான எடுத்தீங்க. ஓடட்டும்னு சொன்னீங்க. நான் அங்கதான் நின்னேன்."

கேமராக்காரன் தானாகவே அதைக் கீழே இறக்கினான். யாரோ கதவைத் திறந்தார்கள். வெயில் உள்ளே விழுந்து வேட்டியிலிருந்த பையன் வெளுத்துப்போனான். வடிவு ஓங்கி அழுதாள். உலகம்மை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஏழு வயதுப் பிள்ளை என்றும் பாராமல்.

தங்கப்பன் கம்பை ஊன்றி நின்றார். "நீ என்னைப் பத்தி என்ன நினைக்கறேன்னு எனக்கு மனசிலாகுது. ஆனா கேளு. நீ அவனைப் பார்க்கறதுக்கு முன்னாலே நான் பார்த்தவன். இருபத்திநாலு வருஷமா அவன் என் கூட இருக்கான். செத்துப்போனான்னு கேட்ட அன்னிக்கு நான் சாப்பிடலை."

"சரி சாரே" என்றாள் அவள். அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் எதுவும் மாறவில்லை. "எனக்கு அந்தப் படத்துல ஒரு துண்டு தாங்க. சிரிக்கிற எடம் மட்டும்."

"இதை வெட்டித் தர எனக்கு உரிமையில்ல. நெகட்டிவ் எல்லாம் கம்பெனிக்காரங்க கையிலே. தந்தாலும் நீ எதில போட்டுப் பார்ப்பே? ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன். இது உறுதி."

அவர்கள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். வேட்டியை அவிழ்த்து மடித்தபோது அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை, இரண்டு ஆணி ஓட்டைகள்தான்.

நாலாவது படம் வந்ததை அவள் பார்க்கவில்லை. பாஸ் எதுவும் வரவில்லை. பார்த்துவிட்டு வந்த மண்டிக் கணக்கப்பிள்ளை சொன்னார்: திரவியம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிற இடத்தில் படத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் போட்டார்களாம். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் முகம் கொஞ்ச நேரம் வந்ததாம், சிரித்துக்கொண்டிருந்து திடீரென்று சிரிப்பு நிற்கிற மாதிரி. நல்ல படம், ஹாலில் பல பேர் அழுதார்கள் என்றார். அது யார் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உலகம்மையும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுதும் குனிந்த தலை நிமிராமல் காம்பு கிள்ளினாள்.

போட்டோ மட்டும் வந்தது. தங்கப்பன் அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றியிருந்தார். கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, மடங்காமல் அனுப்பியிருந்தார். உலகம்மை பிரித்துப் பார்த்தாள். திண்டு தெளிவாக இருந்தது. பின்னால் கரும்பலகை, பக்கத்துப் பையனின் காது, சட்டைக் காலர், எல்லாம் தெளிவாக இருந்தது. நடுவிலிருந்தவன் மட்டும் அசைந்துகொண்டே இருந்ததால் கலங்கிப் போயிருந்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். சிரித்தவன் ஒரு கணம்கூடச் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வடிவு அதை வாங்கினாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், கண்ணுக்கு மிகக் கிட்டே வைத்துப் பார்த்தாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள்.

"இதுல எதும்மா அப்பா?"

உலகம்மை எரிகிற விரலால் படத்தைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள். வடிவு சரி என்பதுபோல் தலையாட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா மனம் நோகக் கூடாது என்று நினைத்தவளைப் போல, அதைப் பத்திரமாக அட்டைக்குள் வைத்து மூடினாள். பிறகு புத்தகப் பையை இறக்கிவிட்டுப் பசிக்கிறது என்றாள்.